அத்தியாயம் 7: இரண்டு ஜிபி ரேமை இழுத்துப் பிடிப்பது

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த முதல் தலைமுறை லேப்டாப்புகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தன. கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பெற்ற மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியபின் பழையது டிவி ஸ்டாண்டுக்கு அடியிலோ பரணிலோ கிடக்கும். பாலவாக்கம் மாதிரி ஊரில் இன்னொரு வகையும் உண்டு. பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆர் கம்பெனிகள் கழித்துவிட்ட 4 ஜிபி லேப்டாப்புகள், செகண்ட் ஹேண்டாக வீட்டுக்கு வந்தவை. இந்த அத்தியாயம் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு வேண்டாத செலவைத் தடுத்துவிடுகிறேன். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாக மட்டுமே வந்தது. 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாதபடி மைக்ரோசாஃப்ட் அதற்குக் கட்டுப்போட்டிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு ஸ்டிக் வாங்கிச் செருகினாலும் அந்த விண்டோஸ் அதைத் தொடாது. 2020 ஜனவரி 14-க்குப் பிறகு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. ஆகவே அரசு லேப்டாப்பை மீண்டும் எழுப்ப நினைப்பவர் லினக்ஸுக்கு மாறுவதுதான் வழி. அந்த லேப்டாப்புகளின் பிராசசர் பெரும்பாலும் 64 பிட் தெரிந்ததே; 32 பிட் என்பது விண்டோஸின் குறை மட்டும். இதுவரை பாஸ் லினக்ஸைத் திறந்தே பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல்: அது டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் அலுவலகம். பாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்வரும் தூரம்.

சுருக்கம் என்றால் என்ன

ரேம் நிரம்பினால் கம்ப்யூட்டர் நிற்பதில்லை. கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை, ஒவ்வொன்றும் 4 கேபி அளவில், ஹார்ட் டிஸ்கில் ஓர் ஓரத்துக்குத் தள்ளுகிறது. இந்த ஓரத்துக்குத்தான் ஸ்வாப் என்று பெயர். விண்டோஸில் பேஜ் ஃபைல். பிரச்சினை தள்ளுவதில் இல்லை, திரும்ப எடுப்பதில். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கவே 10 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள். சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் அம்பு நின்று நின்று நகர, நீங்கள் எழுந்து போய் டீ போட்டுவிட்டு வரலாம்.

நினைவகச் சுருக்கம் அந்தப் பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல், ரேமுக்குள்ளேயே சுருக்கி ஒரு மூலையில் வைக்கிறது. திரும்ப விரிக்கச் சில மைக்ரோ விநாடிகள் போதும். மீனைக் கருவாடாக்குவது போலத்தான் இது: இடம் குறையும், ஆனால் காய வைக்கவும் மறுபடி ஊற வைக்கவும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு பிராசசருடையது. ஏற்கெனவே கருவாடானதை இன்னொரு தடவை காய வைத்தால் எடை குறையாது அல்லவா. ஜேபெக் படம், வீடியோ எல்லாம் அந்த ரகம். உரை, வலைப்பக்கத்தின் உள்ளமைப்பு, வெற்றுப் பூஜ்ஜியங்கள் நிறைந்த பக்கங்கள் நன்றாகச் சுருங்கும். சாதாரணப் பயன்பாட்டில் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ ஆகும். அதற்கு மேல் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நம்பி ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் சிங்க்ரோனிஸ் என்ற நிறுவனம் சாஃப்ட்ராம் 95 என்ற மென்பொருளை விற்றது. ரேமை இரட்டிப்பாக்கும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். நிரலாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அது எதையுமே சுருக்கவில்லை என்று தெரிந்தது. 1996-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. அதே காலத்தில் மேக் கணினிகளுக்கு கனெக்டிக்ஸ் விற்ற ரேம் டப்ளர் உண்மையாகவே சுருக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் பொய்யல்ல, அந்தப் பெட்டிக்குள் அது இல்லை, அவ்வளவுதான். இன்றும் 'ரேம் பூஸ்டர்', 'மெமரி கிளீனர்' என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஓடும் நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளி, 'காலி' என்ற எண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். தள்ளியதை அடுத்த நிமிடமே டிஸ்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வரும். இருந்தால் நீக்கிவிட்டுத்தான் மேலே படியுங்கள்.

உண்மையான சுருக்கம் இப்போது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆப்பிள் 2013-ல் மேவரிக்ஸ் பதிப்பில் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-ல் 2015-ல் வந்தது. லினக்ஸில் நிதின் குப்தா எழுதிய காம்ப்கேஷ் என்ற திட்டம் வளர்ந்து இசட்ரேம் ஆனது. பல ஆண்டுகள் சோதனைப் பகுதியில் இருந்துவிட்டு 2014-ல், லினக்ஸின் மையமான கெர்னலின் 3.14-ம் பதிப்பில், முழு உறுப்பாகச் சேர்ந்தது. ஃபெடோரா 2020-ன் 33-ம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே இயக்கி வைக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் அநேகமாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறுவும் முன்: உப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பாலவாக்கம், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று ஈசிஆர் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏசி அவுட்டோர் யூனிட் என்ன கதி ஆகும் என்று தெரியும். ஜன்னல் கம்பி, கேட் கீல், வாஷிங் மெஷினின் அடிப்பாகம், எதையும் உப்புக் காற்று விடுவதில்லை. லேப்டாப்பின் உள்ளேயும் அதே காற்றுதான் ஃபேன் வழியாகப் போய் வருகிறது. ரேம் ஸ்டிக்கின் தங்கப்பூச்சு முனைகள் தாங்கும். ஆனால் பூச்சு தேய்ந்த இடத்திலும், ஸ்லாட்டின் சிறு ஊசிகளிலும் மெல்லிய படலம் படியும். இரண்டு மாதம் திறக்காமல் வைத்திருந்த லேப்டாப்பை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்திவிட்டுக் கறுப்புத் திரையோடு நிற்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

சுருக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாதாரணப் பக்கத்தில் ஒரு பிட் தவறினால் ஓர் எழுத்து மாறலாம், படத்தில் ஒரு புள்ளி கெடலாம். பெரும்பாலும் கவனத்துக்கே வராது. சுருக்கிய பக்கத்தில் ஒரு பிட் தவறினால் அந்தப் பக்கம் முழுவதும் விரியாமல் போகலாம். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ரேம், இசட்ரேம் போட்ட பிறகுதான் முகம் காட்டும். பழி மென்பொருள்மேல் விழும்.

ஆகவே பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். அடிமூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, ரேம் ஸ்டிக்கின் இரு பக்கக் கொக்கிகளை விலக்கினால் ஸ்டிக் சாய்வாக எழும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மென்மையான வெள்ளை ரப்பரால் முனைகளை நீளவாக்கில் லேசாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். உப்புத்தாள் கூடாது; பூச்சே போய்விடும். கை சானிடைசரும் கூடாது; அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. ஸ்லாட்டுக்குப் பெயின்ட் பிரஷ் போதும்.

மூடியபின் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். டெபியன், மின்ட் வகைகளில் அதே பெயரில் பேக்கேஜாகவே கிடைக்கும். நிறுவினால் தொடக்க மெனுவில் ஒரு வரியாக வந்து நிற்கும். இரவு படுக்கப் போகும்முன் தொடங்கிவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ஸ்டிக்கை மாற்றும்வரை சுருக்கம் வேண்டாம்.

ஸ்டிக் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "டிடிஆர் த்ரீயா, த்ரீ எல்லா அண்ணே?" என்பதாக இருக்கும். பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5-லும் ஓடும். எல் வகையைப் பழைய டிடிஆர்3 லேப்டாப்பில் போடலாம். எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் பழைய டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாது.

ஹார்ட் டிஸ்கையும் ஒரு பார்வை பாருங்கள். லினக்ஸின் 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தால் 'ரீஅலோகேட்டட் செக்டர்' எண்ணிக்கை தெரியும். அது வாரா வாரம் ஏறினால் ரேமைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டுப் போட்டோக்களை வேறிடத்துக்கு எடுத்து வையுங்கள். என் தனிப்பட்ட கணக்கில், கையில் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம். சுருக்கம் காசில்லாதது என்பதால் எப்படியும் உண்டு.

விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்களுக்கு

டேலி, ஜிஎஸ்டி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரின்டர் என்று கட்டாயம் இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு தொடருங்கள். இங்கே எதையும் நிறுவ வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'இன் யூஸ்' எண்ணுக்குப் பக்கத்தில் 'கம்ப்ரெஸ்ட்' என்று இன்னோர் எண் இருந்தால் சுருக்கம் ஓடுகிறது. லேப்டாப் நிறையப் பாரம் ஏற்றிய பிறகும் அது பூஜ்ஜியத்திலேயே இருந்தால், யாரோ 'வேகப்படுத்துகிறேன்' என்று சிஸ்மெய்ன் என்ற சர்வீஸை நிறுத்தியிருப்பார்கள். அதை நிறுத்தினால் சுருக்கமும் நின்றுவிடும். சர்வீசஸ் பட்டியலில் அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் வரவில்லையென்றால் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து 'கெட்-எம்எம்ஏஜென்ட்' கொடுங்கள். 'மெமரி கம்ப்ரெஷன்' வரியில் 'ஃபால்ஸ்' இருந்தால் 'எனேபிள்-எம்எம்ஏஜென்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி, ஒரு கோடு, ஒட்டி 'மெமரிகம்ப்ரெஷன்'. மறுபடி ரீஸ்டார்ட். விண்டோஸ் கதை இவ்வளவுதான்.

லினக்ஸில் நிறுவுவது

இனி வரும் கட்டளைகளை வாயால் சொல்வது மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒருவர் படிக்க இன்னொருவர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கலாம். இசட் என்று வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தின் கடைசி எழுத்து.

டெபியன், பாஸ், மின்ட், உபுன்டு வகைகளில் டெர்மினலைத் திறந்து 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் இசட்ரேம்-டூல்ஸ்' கொடுங்கள். டெர்மினல் பயமாக இருந்தால் சினாப்டிக்கில் அதே பெயரைத் தேடிக் குறியிடலாம். முடிந்ததும் அது தானே ஓடத் தொடங்கிவிடும். இதே வேலையைச் செய்யும் இசட்ரேம்-கான்ஃபிக், சிஸ்டம்டி-இசட்ரேம்-ஜெனரேட்டர் என்ற பேக்கேஜ்களும் உண்டு. மூன்றில் ஒன்றுதான் இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் போட்டால் ஒன்று உருவாக்கியதை இன்னொன்று பிடித்து இழுக்கும்.

அமைப்புகள் இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில், இசட்ரேம்ஸ்வாப் என்ற ஃபைலில் இருக்கின்றன. அட்மின் உரிமையோடு திறக்க வேண்டும். மூன்று வரிகள் முக்கியம். 'ஆல்கோ' என்பது எந்த முறையில் சுருக்குவது என்று சொல்கிறது: எல்இசட்4 வேகமானது, இசட்எஸ்டிடி இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் ஆனால் பிராசசரை அதிகம் வாட்டும். 2011-12 காலத்து செலரான், பென்டியம் லேப்டாப்புகளுக்கு எல்இசட்4-ஐத்தான் சொல்வேன். இரண்டு கோர் ஐ3, ஐ5 என்றால் இசட்எஸ்டிடி போட்டுப் பார்க்கலாம். 'பெர்சன்ட்' என்பது மொத்த ரேமில் எத்தனை சதவீதம் வரையான பக்கங்களைச் சுருக்கப் பகுதிக்கு அனுப்பலாம் என்பது. 2 ஜிபி லேப்டாப்புக்கு 100 போடலாம். பயப்பட வேண்டாம், அந்த 2 ஜிபியும் உடனே பறிபோகாது. பக்கங்கள் வர வரத்தான், அதுவும் சுருங்கிய அளவில்தான், ரேம் செலவாகும். 4 ஜிபிக்கு 50-லிருந்து தொடங்குங்கள். 'பிரையாரிட்டி' 100 ஆக இருக்கட்டும்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: அந்த வரிகளுக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி இருக்கும். எண்ணை மாற்றிவிட்டு ஹேஷை அப்படியே விட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்கவே படிக்காது. ஹேஷை அழியுங்கள். சேமித்துவிட்டு 'சூடோ சிஸ்டம்-சிடிஎல் ரீஸ்டார்ட் இசட்ரேம்ஸ்வாப்'. பெயர்களுக்கு நடுவில்தான் இடைவெளி. சிஸ்டம்-சிடிஎல், அடுத்து வரும் சிஸ்-சிடிஎல் இரண்டுமே நடுவில் கோடில்லாமல் ஒட்டி எழுதும் சொற்கள்.

இன்னும் இரண்டு எண்களை மாற்றினால் நல்ல பலன். இடிசிக்குள் சிஸ்-சிடிஎல் புள்ளி டி என்ற ஃபோல்டரில், கான்ஃப் என்று முடியும் ஒரு புதிய ஃபைல் உண்டாக்கி, முதல் வரியில் விஎம் புள்ளி ஸ்வாப்பினெஸ் சமம் 150, இரண்டாம் வரியில் விஎம் புள்ளி பேஜ்-கிளஸ்டர் சமம் 0. முதலாவது, தயங்காமல் சுருக்கு என்கிறது. வழக்கமான 60, டிஸ்குக்குப் போகத் தயங்கும் காலத்து எண். கெர்னல் 5.8-க்கு முந்தையதாக இருந்தால் 100-க்கு மேல் ஏற்காது. இரண்டாவது, ஒரு பக்கம் கேட்டால் பக்கத்திலிருக்கும் ஏழையும் சேர்த்து எடுத்துவரும் டிஸ்க் காலத்துப் பழக்கத்தை நிறுத்துகிறது.

ஓடுகிறதா என்று பார்ப்பது

பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், லிப்ரே ஆஃபீஸ், ஒரு பிடிஎஃப் எல்லாம் திறந்து வைத்துவிட்டு 'இசட்ரேம்-சிடிஎல்' அடியுங்கள். இடையில் கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஒரு சிறிய அட்டவணை வரும். 'டேட்டா' என்பது உள்ளே போன அளவு, 'காம்ப்ர்' சுருங்கிய அளவு, 'டோட்டல்' இதற்காக உண்மையில் செலவான ரேம். டேட்டா 900 எம்பி, டோட்டல் 320 எம்பி என்று காட்டினால் உங்களுக்கு 580 எம்பி லாபம். டேட்டாவும் டோட்டலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நீங்கள் திறந்து வைத்திருப்பவை படமும் வீடியோவும். சுருக்கம் அங்கே உதவாது.

தகராறு செய்தால்

இசட்ரேம்-சிடிஎல் ஒன்றுமே காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால், முதலில் ரீஸ்டார்ட். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் கெர்னல் அப்டேட் ஆகியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலுக்கான இசட்ரேம் பாகம் டிஸ்கில் இல்லாமல் போயிருக்கலாம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அதேதான் என்றால் 'சூடோ மாட்ப்ரோப் இசட்ரேம்' கொடுத்து என்ன திட்டு வருகிறது என்று பாருங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்றால் உங்கள் கெர்னலில் அந்தப் பாகம் இல்லை. வேறு கெர்னல் பேக்கேஜ் வேண்டும்.

அட்டவணை வருகிறது, ஆனால் டேட்டா 4 கேபி-யிலேயே நிற்கிறது, டிஸ்க் மட்டும் கரகரவென்று ஓடுகிறது. இது முன்னுரிமைச் சிக்கல். 'ஸ்வாப்ஆன்', இடைவெளி, இரண்டு கோடு, ஒட்டி 'ஷோ' என்று அடித்தால் எல்லா ஸ்வாப்பும் வரிசையாக வரும். கடைசி நெடுவரிசையில் பெரிய எண் யாருக்கோ அவர்தான் முதலில் நிரம்புவார். வழக்கமாக டிஸ்க் ஸ்வாப்புக்குக் குறை எண் இருக்கும். முன்பு யாரோ எஃப்எஸ்டேப் ஃபைலில் அதற்கு 100-க்கு மேல் எழுதி வைத்திருந்தால் அந்த எண்ணை நீக்குங்கள்.

டிஸ்க் ஸ்வாப்பை முழுதாக நீக்கிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இசட்ரேம் நிரம்பியபின் வழியும் இடமாக அது இருக்கட்டும். முக்கியமாக, ஹைபர்னேட் வேலை செய்ய டிஸ்கில் ஸ்வாப் இருந்தே ஆக வேண்டும். ரேமில் இருப்பது கரண்ட் போனால் போய்விடும். பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத பழைய லேப்டாப்பில், புயல் மழையில் கடற்கரைப் பக்கம் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில், ஹைபர்னேட் பெரிய விஷயம்.

இசட்ஸ்வாப் என்று இன்னொன்று இருக்கிறது. 2013-ல் கெர்னல் 3.11-ல் வந்தது. அது டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நின்று சுருக்கிப் பிடிப்பது. சில லினக்ஸ் வகைகளில் தானாகவே இயங்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே பக்கத்தை இரண்டு பேர் கையாளுவார்கள், இசட்ரேம் அட்டவணையின் எண்களும் புரியாமல் போகும். கெர்னல் தொடக்க வரியில் 'இசட்ஸ்வாப் புள்ளி எனேபிள்டு சமம் 0' சேர்த்து நிறுத்திவிடுங்கள். டிஸ்க் எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி என்றால் இசட்ஸ்வாப்பே போதும் என்பது வேறு விஷயம்.

எல்லாம் சரியாக இருந்தும் திரை உறைந்து போகிறதா? சுருக்கம் ஓர் எல்லைவரைதான் தாங்கும். அதற்குப் பின் கெர்னல் எதைக் கொல்வது என்று முடிவெடுக்கவே நிமிடக் கணக்கில் திணறும். 'எர்லிஊம்' என்ற சிறிய பேக்கேஜை நிறுவுங்கள். ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்துபோகும் தறுவாயில் அதிகம் தின்னும் நிரலை அதுவே மூடிவிடும். பெரும்பாலும் பிரவுசரின் ஒரு டேப்தான் பலியாகும். எழுதிக்கொண்டிருப்பதை அவ்வப்போது சேமித்துவிடுங்கள்.

கடைசியாக, காரணமில்லாமல் நிரல்கள் விழுவது, அதுவும் நாளுக்கு நாள் வேறு வேறு நிரல். 'சூடோ' சொல்லி டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளை அடித்து, வரும் பதிவில் 'டிகம்ப்ரெஷன் ஃபெயில்டு' என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் ஆல்கோவை மாற்றிப் பார்ப்பதிலும் மறுபடி நிறுவுவதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். 'சூடோ சிஸ்டம்-சிடிஎல் டிஸேபிள்', இரண்டு கோடு ஒட்டி 'நவ்', பிறகு 'இசட்ரேம்ஸ்வாப்' என்று கொடுத்துச் சுருக்கத்தை நிறுத்துங்கள். ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, இருந்தால் இன்னொரு ஸ்லாட்டில் மாற்றிச் செருகி, மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட விடுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் போய்விட்டது. ஸ்லாட்டோடு நின்றால் மதர்போர்டு; அதற்குக் கடைக்காரர் சொல்லும் தொகையில் பழைய லேப்டாப் இன்னொன்றே வாங்கிவிடலாம்.